ஊழியத்துக்கு "இப்போது முடியாது" என்று சொன்னால் சுயம் சாகவில்லை என்று அர்த்தமா?

கரையோரம் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

பல வருஷமாக எங்கள் சபையில் ஆராதனை நடத்துகிறேன், பாடகர் குழுவும் என் பொறுப்புதான். அதுபோக வாலிபர் கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், வீடு சந்திப்பு என்று வாரத்தில் பாதி சாயங்காலம் வெளியில்தான் போகும். இதையெல்லாம் யாரும் என்மேல் திணிக்கவில்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன்.

இப்போது என் அப்பாவுக்கு மறதி நோய். பகலில் ஓரளவு அமைதியாக இருக்கிறார். பொழுது சாயத் தொடங்கினால் அவருக்கு நிலைகொள்ளாது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவார், சட்டைப் பட்டனைப் போடுவார், கழற்றுவார், மறுபடி போடுவார், வாசல் கதவை இழுத்துப் பார்ப்பார். என் மனைவி ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் அடங்குகிறார். ஏன் என்று எனக்கே தெரியவில்லை, என் பெயர்கூட பல நாள் அவருக்கு நினைவில் வருவதில்லை.

அதனால் சாயங்காலப் பொறுப்புகளைக் கொஞ்ச காலம் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் சொன்ன பதில் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. "வீட்டில் கஷ்டம் இல்லாதவர் யார்? தன்னைத்தான் வெறுத்துச் சிலுவையை எடு என்றுதான் ஆண்டவர் சொன்னார், வசதி பார்த்து வா என்று சொல்லவில்லை. உன் சுயம் இன்னும் சாகவில்லை" என்றார்.

அவர் ஜெபிக்கிற மனிதர், அவர் வார்த்தையை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. என் கேள்வி இதுதான். களைத்துப் போய் "முடியாது" என்று சொல்வது என் சுயத்தைக் காப்பாற்றிக்கொள்வதா? அல்லது சுயத்தை வெறுப்பது என்பதையே நாம் வேறு எதனோடோ குழப்பிக்கொண்டிருக்கிறோமா? ஆறுதல் சொல்வதற்காக எழுதாதீர்கள், வேதத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

பழையஏடு

தம்பி, ஆறுதல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நேராகவே எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிலுவை என்ற சொல் நம் காதில் தேய்ந்துபோய்விட்டது. தலைவலியைச் சிலுவை என்கிறோம், பிடிக்காத வேலையைச் சிலுவை என்கிறோம். இயேசு அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலுவை என்றால் என்னவென்று கண்ணால் பார்த்த ஜனங்கள். கி.மு. 4ல் பெரிய ஏரோது ராஜா இறந்தபின் யூதேயாவில் கலகம் எழுந்தது. சீரியாவிலிருந்து படையோடு வந்த ரோம அதிபதி வாருஸ் ஏறக்குறைய 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். இயேசுவின் முன் நின்ற பெரியவர்களுக்கு அது வாலிப வயதின் நினைவாக இருந்திருக்கும். சிலுவை மரத்தைத் தோளில் வைத்துத் தெருவில் நடக்கிறவன் திரும்பி வரப்போவதில்லை, அவனுக்கென்று நாளைய திட்டம் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஆளாக என் பின்னே வா என்கிறார்.

அதனால்தான் லூக்கா 9ம் அதிகாரம் எனக்குப் பயத்தை உண்டாக்குகிற பகுதி. "முன்பு நான் போய் என் தகப்பனை அடக்கம்பண்ண" உத்தரவு கேட்டவனுக்கும், வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்றவனுக்கும் அவர் இடம் கொடுக்கவே இல்லை. 14ம் அதிகாரத்தில் தகப்பனையும் தாயையும் பற்றி இன்னும் கடினமாகச் சொல்கிறார், கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார். குடும்பம் நல்லது, ஆனால் நல்லது என்பதாலேயே அது ஒளிந்துகொள்ள வசதியான இடம். பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வயது, உடம்பு சரியில்லை, இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி ஒன்றுமே செய்யாமல் வாழ்நாளைக் கழித்த விசுவாசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் 1939 ஜூன் மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கேயே இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அடுத்த மாதமே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1943ல் கைது செய்தார்கள், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். சீஷத்துவம் என்று பேசும்போது இந்த அளவு விலையைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மூப்பர் சொன்னது உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாம்ஜாமம்

ஐயா சொன்னதில் சிலுவையின் பயங்கரத்தைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரையோரம் கேட்ட கேள்விக்குப் பதில் மூப்பர் சொன்ன "தன்னைத்தான் வெறுத்து" என்ற வசனம் மாற்கு சுவிசேஷத்தில் எங்கே வருகிறது என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

மூன்று முறை இயேசு தம் பாடுகளை முன்னறிவிக்கிறார், 8:31, 9:31, 10:33. மூன்று முறையும் சீஷர்கள் உடனே சொதப்புகிறார்கள். முதல் முறை பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறான். இரண்டாம் முறை வழியில் தங்களுக்குள் எவன் பெரியவன் என்று வாக்குவாதம். மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் வந்து உமது வலதுபாரிசத்தில் ஒருவன், இடதுபாரிசத்தில் ஒருவன் என்று இடம் கேட்கிறார்கள். தன்னைத்தான் வெறுக்கச் சொன்ன வசனம் இந்த மூன்றில் முதலாவதற்குக் கிடைத்த பதில். அடுத்த இரண்டு பதில்களும் அதே பாடத்தின் தொடர்ச்சி: ஒரு சிறு பிள்ளையை நடுவே நிறுத்துகிறார், பிறகு "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்கிறார்.

அந்த வழியில் சீஷர்களிடம் சாக வேண்டியதாக இருந்தது அவர்களுடைய தூக்கமோ ஓய்வோ அல்ல. அவர்கள் ஏற்கெனவே வலையையும் படகையும் தகப்பன் செபெதேயுவையும் விட்டு வந்தவர்கள். வெளியில் பார்த்தால் எல்லாவற்றையும் வெறுத்துவிட்டவர்கள். அப்படி விட்டு வந்த பிறகும் உள்ளே ஒரு "நான்" சிம்மாசனத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது, அதுவும் இயேசுவின் பக்கத்திலேயே. தியாகம் செய்த மனிதனுக்குள் சுயம் சாகாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1 கொரிந்தியர் 13:3ம் இதைத்தான் சொல்கிறது, சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பில்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அப்புறம் மாற்கு 7. கொர்பான் பகுதி. பெற்றோருக்குப் போக வேண்டியதை "இது தேவனுக்கு" என்று அறிவித்துவிட்டால் பிறகு அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம். பார்வைக்கு எவ்வளவு பக்தியான காரியம்! தனக்காக வைத்துக்கொள்ளவில்லை, ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டான். அதைத்தான் இயேசு தேவனுடைய வசனத்தை அவமாக்குகிற பாரம்பரியம் என்றார். உங்கள் சாயங்காலங்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

ஐயா, லூக்கா 9ஐயும் மாற்கு 7ஐயும் சொன்னவர் ஒருவரே. ஒருவன் தகப்பனைக் காட்டி அழைப்பிலிருந்து நழுவினான், இன்னொருவன் காணிக்கையைக் காட்டித் தகப்பனிடமிருந்து நழுவினான். இரண்டு பேரும் ஒரு நல்ல காரியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தங்கள் விருப்பத்தையே செய்தார்கள். அதனால் "வீடா, சபையா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தக் காரியத்தில் எனக்குக் கட்டளையிடுகிறது யார் என்று கேட்க வேண்டும்.

"முடியாது" என்று சொல்வதே பாவம் போல நம் சபைகளில் ஆகிவிட்டது. மாற்கு 1ல் கப்பர்நகூமில் வியாதியஸ்தர்களை எல்லாம் சொஸ்தமாக்கிய மறுநாள் காலை, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீமோன் வந்து நிற்கிறான். தேடினவர்களின் தேவை உண்மையானது. இயேசு திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். அதற்கு முன் அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் எல்லாருடைய சித்தத்துக்கும் தம்மை ஒப்புக்கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், பதில் இங்கே எழுத வேண்டியதில்லை. விடப்போகிற பொறுப்புகளில் எதை நினைத்தால் உங்களுக்கு அதிகமாக வலிக்கிறது? வீடு சந்திப்பா, மேடையா?

தபீத்தாள்

சகோதரரே, நான் முதியோரைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் உங்கள் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆனதும் பதற்றம் கூடுவது மிகவும் சாதாரணம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. "இதுதானே அப்பா உங்கள் வீடு" என்று வாதாடினால் பயம்தான் அதிகமாகும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள், கையில் மடிக்கிற துணி மாதிரி ஏதாவது வேலை கொடுங்கள். திடீரென்று பதற்றம் ரொம்பக் கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி இவையும் காரணமாக இருக்கலாம், அவர்களால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பெயர் மறந்த பிறகும் பழகின குரலும் பழகின பாட்டும் பலருக்கு நெஞ்சில் தங்கியிருக்கும், நீங்கள் உட்கார்ந்தால் அவர் அடங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி கேள்விக்கு வருகிறேன். இது புதிதாக முளைத்த குழப்பம் இல்லை. 4ம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் கங்க்ரா என்ற ஊரில் ஆயர்கள் கூடி ஒரு சங்கம் நடத்தினார்கள். அந்தப் பகுதியில் துறவு வைராக்கியம் கட்டுக்கடங்காமல் போய், திருமணத்தை இழிவாகப் பேசுவது, ஞாயிற்றுக்கிழமையிலும் உபவாசம் இருப்பது, வீட்டை விட்டுவிட்டு ஓடுவது என்றெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சங்கம் போட்ட விதிகளில் 15வது, தவத்தைச் சாக்காக வைத்துச் சொந்தப் பிள்ளைகளைக் கைவிடுகிறவர்களைப் பற்றியது. 16வது, பக்தியைச் சாக்காக வைத்துப் பெற்றோரை, அதுவும் விசுவாசிகளான பெற்றோரை, கைவிடுகிற பிள்ளைகளைப் பற்றியது. இரண்டுக்கும் தீர்ப்பு ஒன்றுதான், சாபம். முடிவுரையில் அவர்கள் எழுதியதும் கவனிக்க வேண்டியது: தாழ்மையோடு தன்னை ஒடுக்குகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, அதை வைத்து மற்றவர்களைவிட உயர்ந்தவர்களாகத் தங்களைக் காட்டுகிறவர்களைத்தான் சொல்கிறோம் என்றார்கள்.

அதே நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார் தாமும் கடுமையான துறவிதான். தனியாகப் போய் வாழ்கிற துறவியைப் பார்த்து அவர் கேட்டது, நீ யாருடைய கால்களைக் கழுவுவாய், யாருக்குப் பணிவிடை செய்வாய் என்று. அவர் ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். இந்த ஞானம் சபைக்கு ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

இன்னொன்று, நான் இதை மிகவும் நேசிக்கிறேன். உலகத்தை மீட்கிற வேலையின் உச்சத்தில், சிலுவையிலேயே, இயேசு தம் தாயைப் பார்க்கிறார். "அதோ, உன் தாய்" என்று சீஷனிடம் ஒப்படைக்கிறார். அந்த நேரம்முதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். தாயின் பராமரிப்பைச் சிலுவைக்கு இடைஞ்சல் என்று அவர் நினைக்கவில்லை.

மறதி நோயாளியோடு உட்காருகிறவர் எதை வெறுக்கிறார் என்று யாராவது எழுத வேண்டும். நோயாளி நன்றி சொல்ல மாட்டார், நேற்று செய்தது அவர் நினைவில் இருக்காது, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் அடிப்பார், இரவில் ஈரமான துணியை மாற்றும்போது கூச்சத்தில் அவர் உங்களைத் திட்டுவார். நம் பொறுமை, நாம் நல்லவர் என்று நமக்கே இருக்கிற எண்ணம், நம் நேரம், எல்லாம் அங்கே கரைகிறது. இதைச் செய்கிறவரிடம் போய் சுயம் சாகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. தபீத்தாள் அக்கா, நேற்று சீக்கிரமே விளக்கைப் போட்டுவிட்டோம், ஒரு கூடை துண்டுகளைக் கொடுத்தோம். மடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம்ஜாமம் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் அடுத்த கேள்வி அதில்தான் இருக்கிறது. வலிப்பது மேடைதான். வீடு சந்திப்பை விடுவது எனக்கு நிம்மதியாகக்கூட இருக்கிறது. பாடகர் குழுவை வேறொருவர் நடத்துவதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. பாட்டு எனக்கு ஆண்டவர் கொடுத்தது, அதை நேசிப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. அப்படியானால் இப்போது எதை வெறுக்க வேண்டும்? பிடித்ததை விட்டுவிடுவதா? கஷ்டமாக இருப்பதெல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு பொறி மாதிரித் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். அப்பாவோடு இருக்கும்போது சில நாள் உள்ளே கசப்பு வருகிறது. உடம்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது, மனம் பாட்டுப் பயிற்சியில் இருக்கிறது. அப்படி இருக்கையில் இதைத் தன்னை வெறுப்பது என்று எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை

நீங்கள் சொன்ன அந்தப் பொறியைப் பற்றி எழுதுகிறேன். வலிப்பதுதான் சிலுவை என்று வைத்துக்கொண்டால் வலியைத் தேடிப்போக ஆரம்பித்துவிடுவோம். 1349ல் கொள்ளைநோய் பரவிய நேரத்தில் ஐரோப்பாவில் கூட்டம் கூட்டமாகத் தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், கடைசியில் போப் ஆறாம் கிளெமென்ட் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. கொலோசெயர் 2ல் பவுல் "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகளைப் பற்றிச் சொல்லும்போது, அவை ஞானம் போலத் தோன்றும், சரீரத்தை ஒடுக்கவும் செய்யும், ஆனால் மாம்சத்தை அடக்க அவற்றால் முடியாது என்கிறார். நானும் அதையே நம்புகிறேன். உபவாசம் இருக்கிறேன், விடமாட்டேன், ஆனால் அது பயிற்சி. நாம் தேர்ந்தெடுத்துச் செய்கிற தியாகத்தில் எதை, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கிறது நாமேதான்.

சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு பாத்திரத்தை, அதாவது வரப்போகிற பாடுகளை, விரும்பவில்லை. நீங்கக்கூடுமானால் நீங்கும்படி கேட்டார், வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுகிற அளவுக்குக் கேட்டார். தம் விருப்பத்தை மறைக்கவும் இல்லை, விருப்பம் இருப்பதைப் பாவமாக நினைக்கவும் இல்லை. "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றபோது அந்த விருப்பம் தீர்மானிக்கிற இடத்திலிருந்து இறங்கிவிட்டது. உங்கள் கசப்புக்கும் இதுதான் என் பதில். கசப்பு வருகிற நாளில் அதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள், சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். உணர்ச்சி மாறின பிறகுதான் கீழ்ப்படிதல் கணக்கில் வரும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. இயேசு சொன்ன இரண்டு குமாரரின் உவமையில் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பு மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போனவன்தான் தகப்பனின் சித்தத்தைச் செய்தான்.

என் வேலையில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதுகிறவன். ஒரு வருஷ முடிவில், வராத சரக்குக்கு வந்ததாக ஒரு பில்லைப் பழைய தேதி போட்டு ஏற்றச் சொன்னார்கள். தொகையும் பெரிதில்லை, யாரும் பார்க்கப் போவதும் இல்லை. முடியாது என்றேன். சண்டை எதுவும் நடக்கவில்லை, பெரிய துன்பமும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கூட்டங்களுக்கு என்னை அழைப்பதை நிறுத்தினார்கள், எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவருக்கு என் மேசையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் பல லெந்து காலங்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில், விட்டுவிட்ட எல்லாவற்றையும்விட அந்த மேசை எனக்கு வலித்தது, ஏனென்றால் அதை விடுவதாக நான் தீர்மானிக்கவில்லை. கீழ்ப்படிந்தேன், அதற்கு விலை வந்தது. அனுதினமும் சிலுவையை எடுக்கச் சொன்னது இப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. நாம் சிலுவையைத் தேடிப்போக வேண்டியதில்லை, அன்றைய தினத்தின் கீழ்ப்படிதலுக்குள்ளேயே அது இருக்கிறது.

அதனால் பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக அதை விடாதீர்கள். அப்பாவை விசாரிப்பது இப்போது உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக, தேவைப்படுகிற அளவுக்கு, தேவைப்படுகிற காலத்துக்கு விடுங்கள். ஞாயிறு காலையில் அவர் அமைதியாக இருந்தால் போய்ப் பாடுங்கள்.

தபீத்தாள்

கணக்குப்பிள்ளை எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கரையோரத்தை ஒரு சுமையிலிருந்து எடுத்து இன்னொன்றின் கீழ் வைத்தது போல ஆகிவிடும். வீட்டுப் பராமரிப்பிலும் "எல்லாம் நானே செய்ய வேண்டும்" என்ற வைராக்கியம் வரும், அதையும் சுயத்தை வெறுப்பது என்று நினைத்துக்கொள்வோம். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் கர்த்தர் முதலில் அனுப்பியது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடி படுத்துக்கொண்டான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடிந்துகொள்ளுதல் அந்த இடத்தில் இல்லை. மோசேயிடம் அவன் மாமன் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னான், தொய்ந்துபோவீர்கள், ஆட்களைப் பிரித்து வையுங்கள் என்றான்.

உங்கள் மனைவியைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கூடுகைகளுக்குப் போன இத்தனை சாயங்காலங்களிலும் வீட்டில் தனியாக இருந்தது அவர்தான். வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் வெளியே போகட்டும். அவருக்கும் ஜெபக் கூட்டம் வேண்டும், தோழிகள் வேண்டும், ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத தூக்கம் வேண்டும்.

பழையஏடு

எல்லாவற்றையும் படித்தேன். விலையைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது, குடும்பத்தைச் சாக்காக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கரையோரம் தம்பி, இரண்டாம் முறை எழுதியதைப் படித்த பிறகு, நீங்கள் அந்த வகை ஆள் இல்லை என்று தெளிவாகத் தெரிகிறது. சாக்குத் தேடுகிறவன் தனக்குப் பிடித்த மேடையைக் கொடுத்துவிட்டு ஈரத்துணி மாற்றப் போகமாட்டான். போன்ஹோபரைப் பற்றி எழுதினேனே, அவர் பாதுகாப்பான இடத்தை விட்டுத் தம் ஜனங்களிடம் திரும்பிப் போனவர். உங்களுக்கு அந்தத் திரும்புதல் வீட்டை நோக்கியது என்றே படுகிறது.

நானும் ஒரு சபையில் மூப்பனாக இருப்பவன், அதனால் மூப்பரிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள், எங்களுக்கு அது தினமும் கேட்கிற வார்த்தை, காதில் ஏறாது. அவரை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பொழுது சாய்கிற நேரத்துக்கு. அப்பா செருப்பைத் தேடுவதை அவர் தம் கண்ணால் பார்க்கட்டும். அதற்குப் பிறகு 1 தீமோத்தேயு 5ஐத் திறந்து வையுங்கள். 8ம் வசனத்தில் தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் எழுதியிருக்கிறார், மூப்பருக்கு அந்த வசனம் தெரியும், உங்கள் வீட்டோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார். 4ம் வசனத்தையும் காட்டுங்கள், பெற்றோர் செய்த நன்மைகளுக்குப் பதில்நன்மை செய்யப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும், அது தேவனுக்கு முன்பாகப் பிரியமானது என்று இருக்கிறது. வாதாடுகிற தொனியில் வேண்டாம், அவர் ஜெபிக்கிற மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பாடகர் குழுவில் யாரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று நீங்களே ஒருவரைக் காட்டுங்கள், அவருக்கு நீங்களே பயிற்சி கொடுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டிலேயே. அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றால் குழுவில் சிலர் வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்து பழகட்டும், அந்த நேரம் உங்கள் மனைவி வெளியே போய் வரலாம். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6ல் இருப்பது சபைக்கும் எழுதினதுதான், உங்களிடம் கேட்கிற சபை உங்களுக்கும் செய்ய வேண்டும், அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

அவர் அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் போதகரிடம் நேரில் பேசுங்கள், சபையில் மற்றவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். பேசிவிட்டு என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள், உங்கள் அப்பாவுக்காக வீட்டில் ஜெபிக்கிறோம்.